செயலிழந்த செயற்கைக்கோள் தானாக விழுமா, இறக்கித்தான் ஆக வேண்டுமா? 5 ஆண்டு விதியைக் கணக்கோடு விளக்குங்கள்

வான்நோக்கி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. பூமிக்கு மேலே 2,000 கி.மீ. உயரத்துக்குள் சுற்றும் செயற்கைக்கோள்கள், வேலை முடிந்த 5 ஆண்டுக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்ற விதியைப் பற்றி அடிக்கடி படிக்கிறேன். முன்பு 25 ஆண்டு என்று இருந்தது. செயற்கைக்கோள்களுக்கு அலைவரிசை உரிமம் தரும் அமெரிக்காவின் எஃப்.சி.சி. அமைப்பு 2022 செப்டம்பரில் அதை 5 ஆண்டாகக் குறைத்தது, 2024 செப்டம்பர் 29 முதல் அது நடைமுறைக்கு வந்தது என்பது வரை தெரியும். அதற்கு மேல் தெளிவில்லை.

மேலே காற்றே இல்லை என்கிறோம்; பிறகு எதன் மேல் உரசி செயற்கைக்கோள் இறங்குகிறது? எந்த உயரத்துக்கு எத்தனை ஆண்டு ஆகும்? எரிபொருள் மிச்சம் வைத்து இறக்குவதென்றால் எவ்வளவு வைக்க வேண்டும்? அப்படி இறக்க முடியாமல் பாதியில் செத்துப்போனதை வேறொரு கலம் போய்ப் பிடித்து வர முடியாதா? வளிமண்டலத்தில் எரிந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறார்களே, எரிந்த உலோகம் எங்கே போகிறது?

'விண்வெளிக் குப்பை பெருகுகிறது' என்ற அளவோடு நின்றுவிடும் கட்டுரைகள் நிறையப் படித்துவிட்டேன். எண்களோடு யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

இழுவிசை

முதல் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேலே காற்று மிகக் குறைவு, ஆனால் இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ. சூரியச் செயல்பாடு நடுத்தரமாக இருக்கும் காலத்தில், 400 கி.மீ. உயரத்தில் அதே கன மீட்டரில் இருப்பது ஏறக்குறைய 2.8 நானோகிராம். 500 கி.மீ.யில் 0.5 நானோகிராம். 600-இல் 0.11. 800-இல் 0.011. வீட்டு அளவில் இது வெற்றிடம்தான். ஆனால் செயற்கைக்கோள் விநாடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் போகிறது. ஒரு சதுர மீட்டர் முகப்பு இருந்தால் ஒவ்வொரு விநாடியும் 7,600 கன மீட்டரை வாரிக்கொண்டு போகிறது என்று பொருள். அந்தச் சிறு எதிர்ப்பு நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் விடாமல் ஆற்றலை உறிஞ்சுகிறது. ஆற்றல் குறையக் குறையப் பாதை சுருங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 10 × 10 × 30 செ.மீ. அளவும் 4 கிலோ எடையும் உள்ள ஒரு கியூப்சாட் (சிறு பெட்டி வடிவச் செயற்கைக்கோள்), கட்டுப்பாடில்லாமல் உருண்டுகொண்டே போகிறது. சராசரி முகப்புப் பரப்பு 0.035 சதுர மீட்டர், இழுவிசைக் கெழு (வடிவத்தைப் பொறுத்து எதிர்ப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 2.2. மேலே சொன்ன அடர்த்திகளை வைத்துக் கணக்கிட்டால் வருவது:

400 கி.மீ.: நாளொன்றுக்கு 240 மீட்டர் இறக்கம். முழுதாக விழ ஏழு மாதம் போல.
500 கி.மீ.: நாளுக்கு 45 மீட்டர். மூன்றரை முதல் நான்கு ஆண்டு.
600 கி.மீ.: நாளுக்கு 10 மீட்டர். சுமார் 18 ஆண்டு.
800 கி.மீ.: நாளுக்கு ஒரே ஒரு மீட்டர். இருநூறு ஆண்டுக்கு மேல்.

5 ஆண்டு விதி இந்தப் பட்டியலில் எங்கே வெட்டுகிறது பாருங்கள். 500-க்குச் சற்று மேலே. அதற்குக் கீழே பறப்பவர்களுக்கு இயற்கையே விதியை நிறைவேற்றித் தருகிறது. அதற்கு மேலே பறக்க விரும்புகிறவர் இறங்குவதற்கான வழியைத் தானே கூடவே கொண்டுபோக வேண்டும். 25 ஆண்டு விதியில் அந்தக் கோடு 600-க்கு மேலே இருந்தது. பலருக்குத் தனி ஏற்பாடே தேவைப்படவில்லை. விதி மாற்றத்தின் உண்மையான தாக்கம் இந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பட்டையில்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த எண்கள் அந்தக் கியூப்சாட்டுக்கு மட்டும். முடிவு செய்வது எடைக்கும் முகப்புப் பரப்புக்கும் உள்ள விகிதம். 1,000 கிலோ எடையும் 3 சதுர மீட்டர் முகப்பும் உள்ள செயற்கைக்கோள் அதே உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் இறங்கும். அடுத்தது சூரியன். ஏறக்குறைய 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியனின் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறி இறங்கும்போது மேல் வளிமண்டலம் சூடாகி விரிகிறது, குளிர்ந்து சுருங்குகிறது. 500 கி.மீ.யில் அடர்த்தி இதனால் பத்து மடங்கு வரை மாறும். சூரியன் உச்சத்தில் இருக்கும்போது செத்த செயற்கைக்கோள் இரண்டு ஆண்டில் வந்துவிடலாம். அடக்கமாக இருக்கும்போது செத்தது அடுத்த உச்சம் வரை மேலேயே காத்திருக்கலாம். ஆகவே வடிவமைப்பில் சராசரி எண்ணை நம்பக் கூடாது. சூரியச் செயல்பாடு குறைவாக இருக்கும் காலத்தை வைத்துக் கணக்கிட்டு, அதிலும் 5 ஆண்டுக்குள் விழுகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

எதிர்ப்பக்கத்துக்கும் சான்று உண்டு. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை முதலில் 210 கி.மீ. அளவில் விட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புவிகாந்தப் புயல் வந்தது. பெரிய புயல்கூட இல்லை. ஆனாலும் மேல் வளிமண்டலம் சூடாகி விரிந்து, இழுவிசை முந்தைய ஏவுதல்களைவிட 50 சதவீதம் வரை கூடியது. நாற்பது செயற்கைக்கோள்கள் வரை மேலே ஏற முடியாமல் எரிந்துபோயின. அவ்வளவு தாழ்வாக விட்டதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது: வேலை செய்யாதது எதுவும் அங்கே தங்காது. அந்த ஏற்பாடு சரிதான் என்பதே என் கருத்து.

---

வான்நோக்கி

மிக்க நன்றி. 600 கி.மீ.க்கு மேலே போகிறவர்கள் பாய்மரம் போல ஒன்றை விரித்தால் போதும் என்று படித்தேன். அது நடைமுறையில் சரிவருமா?

---

இழுவிசை

ஓரளவுக்கு. அதே கியூப்சாட் ஒரு சதுர மீட்டர் இழுவைப் பாய் விரித்தால், உருளும்போது சராசரியாக அரை சதுர மீட்டர் முகப்பு கிடைக்கும். பழைய பரப்பைப் போல 14 மடங்கு. 600 கி.மீ.யில் 18 ஆண்டு என்பது ஒன்றேகால் ஆண்டாகிவிடும். 800 கி.மீ.யிலோ 14-ஆல் வகுத்தாலும் பத்தொன்பது, இருபது ஆண்டு மிஞ்சும். அங்கே ஒரு சதுர மீட்டர் பாய் போதாது.

பாய் தோற்பது பெரும்பாலும் விரியும்போது. மடித்துவைத்த மெல்லிய படலம் ஆண்டுக்கணக்கில் வெப்பமும் குளிரும் மாறி மாறிப் பட்டு ஒட்டிக்கொள்ளும். சுருள் நாடாக் கம்பம் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, பாயைத் திறக்கும் கட்டளை முதன்மைக் கணினியிலிருந்துதான் வர வேண்டும் என்று அமைத்துவிட்டால், அந்தக் கணினி செத்த அன்றே பாயும் பயனற்றுப்போகும். தனிச் சிறு பேட்டரி, தனிக் கடிகாரம், 'இத்தனை நாள் தரையிலிருந்து எந்தக் கட்டளையும் வரவில்லையென்றால் நீயே திற' என்ற ஏற்பாடு, இந்த மூன்றும் இருந்தால்தான் அதை நம்பலாம்.

---

உந்துகலன்

எரிபொருள் கணக்கை நான் சொல்கிறேன்.

வட்டப் பாதையிலிருந்து இறங்க முழுப் பாதையையும் கீழே கொண்டுவர வேண்டியதில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மறுபக்கத்தில் பாதையின் அண்மைப்புள்ளி, அதாவது பூமிக்கு மிக அருகில் வரும் இடம், தாழும். அதை 50 கி.மீ.க்குக் கொண்டுபோய்விட்டால் அந்தச் சுற்றிலேயே கதை முடிந்தது. 550 கி.மீ.யிலிருந்து அதற்கு வேண்டிய வேகக் குறைப்பு 143 மீ/வி. 800 கி.மீ.யிலிருந்து 208 மீ/வி. சாதாரண ஹைட்ரசீன் உந்துகலனை (எரிபொருள் திறனைக் காட்டும் ஒப்பு உந்தம் 220 விநாடி) வைத்துப் பார்த்தால், 500 கிலோ செயற்கைக்கோளுக்கு முறையே 32 கிலோ, 46 கிலோ எரிபொருள். மொத்த எடையில் ஆறரை முதல் ஒன்பது சதவீதம். இந்த எடையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். ஏவிய பிறகு யோசிப்பதற்கு இடமில்லை.

இலக்கு பார்த்துக் கடலில் இறக்க வேண்டியதில்லை, சீக்கிரம் விழுந்தால் போதும் என்றால் இன்னும் குறைவாகச் செலவாகும். இஸ்ரோவின் கார்ட்டோசாட்-2 நல்ல எடுத்துக்காட்டு. 2007 ஜனவரி 10 அன்று ஏவப்பட்ட 680 கிலோ கலம், 635 கி.மீ. உயரம். விட்டிருந்தால் விழ 30 ஆண்டு ஆகியிருக்கும் என்பது மதிப்பீடு. 2020-இல் மிச்ச எரிபொருளை வைத்து அண்மைப்புள்ளியை 380 கி.மீ.க்கு இறக்கினார்கள். கணக்குப்படி அதற்கு 70 மீ/வி போதும். 2024 பிப்ரவரி 14 அன்று அது வளிமண்டலத்தில் நுழைந்து முடிந்தது. முப்பது ஆண்டு நான்கானது.

குறிப்பிட்ட கடற்பரப்பில் இறக்குவதற்கு எரிபொருள் இருந்தால் மட்டும் போதாது, உந்துவிசையும் வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் அண்மைப்புள்ளியை 250, 300 கி.மீ.யிலிருந்து ஒரே மூச்சில் கீழே தள்ள வேண்டும். 1,000 கிலோ கலத்துக்கு 60 மீ/வி என்று வைத்தால், ஒரு நியூட்டன் உந்துகலன் பதினாறு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். அதற்குள் கலம் பூமியைப் பத்து முறைக்கு மேல் சுற்றிவிடும். எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. 11 நியூட்டன் உந்துகலன் நான்கு இருந்தால் 23 நிமிடத்தில் முடியும். 2023 மார்ச் 7 அன்று மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை இஸ்ரோ பசிபிக் கடலில் இறக்கியது இப்படித்தான்: நான்கு 11 நியூட்டன் உந்துகலன்கள், இருபது இருபது நிமிடமாக இரண்டு கடைசி எரிப்புகள். 867 கி.மீ. உயரத்தில் இருந்த ஒரு டன் கலம் அது. இப்படி இறக்கப்படும் என்று வடிவமைக்கப்பட்டதும் அல்ல. எரிபொருள் நிறைய மீந்திருந்ததால் முடிந்தது. மின் உந்துகலன்கள் எரிபொருளை மிகக் குறைவாகத் தின்னும், ஆனால் விசை மில்லிநியூட்டன் கணக்கில்தான். அவற்றால் மெல்ல மெல்ல இறக்கலாம், இடம் பார்த்து இறக்க முடியாது.

இறக்கிய பிறகோ, இறக்க வழியில்லாதபோதோ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஆற்றல் அனைத்தையும் வடித்துவிடுவது. சுற்றுப்பாதையில் சிதறல் உண்டானதற்கு மோதலைவிட வெடிப்பே அதிகக் காரணம். பயன்படுத்திய ராக்கெட்டின் மேல்நிலையில் மிஞ்சிய எரிபொருளும் ஆக்சிகரணியும், இரு தொட்டிகளுக்கும் நடுவிலுள்ள பொதுத் தடுப்புச் சுவர் விரிசல் விட்டால் கலந்துவிடும். 1970-களில் டெல்டா ராக்கெட்டின் இரண்டாம் நிலைகள் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. 2001 டிசம்பரில் பிஎஸ்எல்வி-சி3-இன் நான்காம் நிலையும் சிதறி முந்நூறுக்கு மேல் துண்டுகளானது. அதன் பிறகு நான்காம் நிலையில் மிச்ச எரிபொருளை வெளியேற்றும் முறை சேர்க்கப்பட்டது. அந்த அக்கறை இப்போது எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு 2024-இல் பறந்த பிஎஸ்எல்வி-சி58 சான்று: நான்காம் நிலையை 650 கி.மீ.யிலிருந்து 350-க்கு இறக்கி, அங்கே ஆய்வு மேடையாகப் பயன்படுத்தினார்கள். மார்ச் 21 அன்று அது விழுந்தும்விட்டது.

செயற்கைக்கோளுக்கு வரிசை இப்படி இருக்க வேண்டும்:

முதலில் அண்மைப்புள்ளியைத் தாழ்த்துங்கள். மிஞ்சிய எரிபொருளையும் பயணத்துக்கு எதிர்த்திசையில் எரித்தே தீருங்கள். சும்மா பீய்ச்சினாலும் அது உந்தும், தப்பான திசையில் பீய்ச்சினால் கலம் சுழலத் தொடங்கும், தரைத் தொடர்பு அறுந்துவிடும். அடுத்து அழுத்த வாயுவை வெளியேற்றுங்கள். பிறகு கலத்தைத் திசைதிருப்பும் சுழல்சக்கரங்களை நிறுத்துங்கள். பிறகு சூரியத் தகடுகளைப் பேட்டரியிலிருந்து துண்டித்து, பேட்டரியை வடியவிடுங்கள். ஒலிபரப்பியை அணைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு முன்னால் அணைத்தால் மற்றவை நடந்தனவா என்று தெரியாது. அணைக்கவே மறந்தால் அலைவரிசையை ஒரு பிணம் ஆண்டுக்கணக்கில் அடைத்துக்கொண்டிருக்கும்.

எங்கே தடுமாறுகிறது? பல பழைய கலங்களில் சூரியத் தகட்டைத் துண்டிக்கும் சுவிட்சே கிடையாது. பணிக்காலத்தில் தவறுதலாகத் திறந்துகொண்டால் ஆபத்து என்று வைக்காமல் விட்டார்கள். அதன் விளைவு, வேலை முடிந்த பிறகும் பேட்டரி பகலில் ஏறி இரவில் இறங்கி, மின்கலங்கள் கெட்டு, ஒரு நாள் வெடிக்கிறது. 1995-இல் ஏவிய டிஎம்எஸ்பி-எஃப்13 என்ற அமெரிக்க வானிலைக் கலம் 2015 பிப்ரவரியில் சிதறியதற்குப் பேட்டரிதான் காரணம். இன்னொரு சிக்கல்: எரிபொருளையும் அழுத்த வாயுவையும் பிரிக்கும் சவ்வுத் தடுப்பு வைத்த தொட்டிகளில் வாயுப் பக்கத்துக்கு வெளியேற்றும் வால்வு பல நேரம் இருக்காது. எரிபொருள் தீர்ந்தாலும் அழுத்தம் கொஞ்சம் உள்ளேயே தங்கும். புதிதாக வடிவமைக்கிறவர்கள் இந்த இரண்டையும் முதல் வரைபடத்திலேயே தீர்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே மனித ஆசை. 'இன்னும் ஓர் ஆண்டு ஓட்டலாம்' என்று நீட்டித்துக்கொண்டே போவார்கள். கலம் முன்னறிவிப்பில்லாமல் சாகும். ஐரோப்பாவின் என்விசாட் 2002-இல் ஏவப்பட்டது, திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டு. 10 ஆண்டு அருமையாக வேலை செய்தது. 2012 ஏப்ரல் 8 அன்று திடீரென்று தொடர்பு அற்றது. இப்போது எட்டு டன் எடையோடு 770 கி.மீ. அளவில் கிடக்கிறது. தானாக விழ ஏறக்குறைய 150 ஆண்டு. இதனால்தான் இறக்கும் முயற்சி 90 சதவீதமாவது வெற்றி பெற வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. உதிரிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிவரும்போது, மாற்று உந்துகலனும் மாற்று ஒலிபரப்பியும் இன்னும் மிச்சம் இருக்கும்போதே ஓய்வு கொடுப்பதுதான் பொறுப்பான இயக்கம்.

---

நிலைக்கோள்

உந்துகலன் சொன்னது தாழ்ந்த பாதைகளுக்கு. தொலைக்காட்சிக் கோள்கள் இருக்கிற 35,786 கி.மீ. நிலைப்பாதைக்கு வேறு கணக்கு. அங்கிருந்து கீழே கொண்டுவர 1,500 மீ/வி அளவு வேண்டும், யாராலும் முடியாது. அதனால் மேலே தூக்கிவிடுறாங்க. 300 கி.மீ. ஏற்றுவதற்கு 11 மீ/வி போதும். வடக்கு-தெற்காக விலகாமல் நிலைநிறுத்த ஆண்டுக்கு 50 மீ/வி செலவாகிற கலத்துக்கு அது இரண்டரை, மூன்று மாத எரிபொருள்.

சின்ன அளவுதான், ஆனா அங்கேதான் வம்பு. எடையில்லாத இடத்தில் தொட்டிக்குள் எவ்வளவு திரவம் மிச்சம் என்று நேரடியாக அளக்க முடியாது. ஒவ்வொரு எரிப்பையும் கூட்டி வைத்தோ, அழுத்தம்-வெப்பநிலையை வைத்தோ ஊகிக்கணும். ஊகத்தின் பிழையே சில மாத எரிபொருள் அளவு இருக்கும். மூன்று மாதம் ஒதுக்கியிருக்கோம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது தொட்டி காலியாகியிருக்கும். ஆறு மாதமாவது ஒதுக்கினால்தான் நிம்மதி.

---

விலகுபாதை

பிடித்து வர முடியாதா என்ற கேள்விக்கு.

முதலில் ஏன் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செ.மீ. விட்டமுள்ள அலுமினிய உருண்டை 1.4 கிராம். எதிரெதிர் வேகம் விநாடிக்கு 10 கி.மீ. என்றால் அதன் ஆற்றல் 70 கிலோஜூல், 17 கிராம் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அடுக்குக் கவசம், அதாவது முன்னால் ஒரு மெல்லிய தகடு, இடைவெளி, பின்னால் சுவர் என்ற அமைப்பு, ஒரு செ.மீ. வரை தாங்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் அதைத்தான் நம்பியிருக்கிறது. தாழ்ந்த பாதையில் 10 செ.மீ.க்கு மேற்பட்டவற்றை ராடார் பின்தொடரும், விலகிக்கொள்ளலாம். இடையில் உள்ள 1 முதல் 10 செ.மீ. துண்டுகள் பத்து லட்சத்துக்கு மேல் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. கவசமும் தாங்காது, பெரும்பாலானவை கண்ணிலும் படாது. இந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது நடக்காத காரியம். அவை பிறக்கும் மூலத்தை, பெரிய செத்த கலங்களை, அகற்றுவதுதான் வழி.

2009 பிப்ரவரி 10 அன்று இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33-உம், செத்துக் கிடந்த காஸ்மாஸ் 2251-உம் 790 கி.மீ. உயரத்தில் மோதின. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெரிய துண்டுகள். இன்னும் கணிசமானவை மேலேதான் இருக்கின்றன. 2007 ஜனவரி 11 அன்று சீனா ஏவுகணையால் தகர்த்த தன் பழைய வானிலைக் கோள் ஃபெங்யுன்-1சி மூவாயிரத்துக்கு மேல் தந்தது. டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கோர்-பலேயும் 1978-லேயே சொன்ன சங்கிலி இதுதான்: மோதல் துண்டுகளைத் தரும், துண்டுகள் அடுத்த மோதலைத் தரும், ஒரு கட்டத்துக்கு மேல் புதிதாக எதுவும் ஏவாவிட்டாலும் எண்ணிக்கை பெருகும்.

முதலில் எதை எடுப்பது? பல நாட்டு வல்லுநர் குழுக்கள் சேர்ந்து போட்ட ஆபத்துப் பட்டியலின் தலையில் நிற்பவை 840 கி.மீ. அளவில் கிடக்கும் ஜெனித்-2 ராக்கெட்டின் மேல்நிலைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 டன்.

பிடிப்பதன் கடினம் மூன்று இடத்தில் இருக்கிறது. அது உருண்டுகொண்டிருக்கும், அதன் சுழற்சியோடு நம் கலமும் ஒத்துச் சுழல வேண்டும். பிடிக்க வாகான இடம் எதுவும் அதில் கிடையாது. ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் இணைத்த வளையம்தான் ஓரளவுக்கு உதவும். பிடித்த பிறகு இரண்டும் சேர்ந்த எடை, சாய்வு, எல்லாம் மாறிவிடும். கட்டுப்பாட்டு மென்பொருள் அதற்கு உடனே ஈடுகொடுக்க வேண்டும். இதுவரை எட்டிய தூரம்: ரிமூவ்டெப்ரி திட்டம் 2018-இல் வலையும் 2019-இல் ஈட்டியும் வீசிச் சோதித்தது. 2024 பிப்ரவரியில் ஏவிய ஜப்பானின் அட்ராஸ்-ஜே, ஒரு பழைய எச்-2ஏ மேல்நிலையை 15 மீட்டர் வரை நெருங்கிப் படமெடுத்தது. நிலைப்பாதைக்குச் சற்று மேலே 2020 பிப்ரவரி 25 அன்று எம்இவி-1 என்ற ஆயுள் நீட்டிப்புக் கலம் இன்டெல்சாட் 901-இன் பின்புறம் இணைந்து அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. அங்கே இன்டெல்சாட் உருளவில்லை, ஒத்துழைத்தது, அதனால் எளிதாயிற்று.

சட்டமும் உண்டு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி செத்த கலமும் அதைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதே. அடுத்த நாட்டின் குப்பையை அனுமதியில்லாமல் தொட முடியாது.

ஆகவே புதிதாக ஏவும் ஒவ்வொன்றிலும் ஒரு பிடிமானத் தகடும், கேமரா அடையாளம் காணும் குறிகளும் ஒட்டிவிடுவது மிக மலிவான காப்பீடு. சில நூறு கிராம் எடை. இது ஏன் இன்னும் எல்லா இடத்திலும் கட்டாயமாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கலம் உயிரோடு இருக்கும்வரை விலகுவது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. பயணத் திசையில் விநாடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் வேகம் கூட்டுங்கள். பாதை 18 மீட்டர் அளவு உயரும், சுற்றும் நேரம் சற்றே நீளும், அதனால் கலம் பழைய இடத்தைவிடப் பின்தங்கும். ஒரு நாளில் பின்தங்கும் தூரம் 2.6 கி.மீ. வேகம் கூட்டினால் பின்தங்கும் என்பது முதலில் குழப்பும், ஆனால் அப்படித்தான். ஒரு நாள் முன்னால் முடிவெடுத்தால் சில கிராம் எரிபொருளில் வேலை முடியும். கடைசி ஒரு மணி நேரத்தில் விழித்தால் அதே தள்ளல் நூறு மீட்டர்தான் தரும். மோதல் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் விலகுவது பரவலான வழக்கம். உந்துகலனே இல்லாத சிறு கோள்கள், சூரியத் தகட்டைத் திருப்பி முகப்பை அதிகமாக்கியோ குறைத்தோ இழுவிசையை வைத்தே நகரலாம். அதற்கு நாள்கணக்கில் முன்னறிவிப்பு வேண்டும், 500 கி.மீ. அளவுக்குக் கீழேதான் பலிக்கும்.

---

தீநுழைவு

எரிந்த பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் தொடவில்லை.

கலம் பெரும்பாலும் 80 கி.மீ. அளவில் உடையத் தொடங்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். டைட்டானியத்துக்கு 1,668 டிகிரி வேண்டும். அதனால் டைட்டானிய எரிபொருள் தொட்டி, எஃகுச் சுழல்சக்கரம், தொலைநோக்கியின் கண்ணாடி ஆகியவை தரை வரை வரும். பெரிய கலங்களின் எடையில் 10 முதல் 40 சதவீதம் தப்பிப் பிழைக்கலாம். தரையில் ஒருவருக்குக் காயம் படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போனால் கடலில் இலக்கு பார்த்து இறக்க வேண்டும் என்பது பொது விதி. விதி வெறும் காகிதமல்ல என்பதற்குச் சான்று: 2021 மார்ச்சில் விண்வெளி நிலையத்திலிருந்து கழற்றிவிட்ட 2.6 டன் பழைய பேட்டரி அடுக்கு, 2024 மார்ச் 8 அன்று கட்டுப்பாடில்லாமல் நுழைந்தது. அதில் இருந்த 0.7 கிலோ இன்கோனல் உலோகத் துண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்தது.

அதற்காக டைட்டானியத் தொட்டிக்குப் பதில் அலுமினியத் தொட்டி, சீக்கிரம் பிரியும் மூட்டுகள் என்று, முழுதாக எரிந்துபோகும்படி வடிவமைக்கிறார்கள். தரைக்கு நல்லது. ஆனால் எரிந்தது காணாமல் போவதில்லை. அலுமினியம் அலுமினிய ஆக்சைடுத் தூளாகி, மெல்ல அடுக்குமண்டலத்துக்கு (ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு) இறங்கும். அங்கிருந்த கந்தக அமிலத் துகள்களை விமானத்தில் போய்ப் பிடித்து ஆராய்ந்த முடிவு 2023-இல் வெளியானது. அளந்த துகள்களில் சுமார் 10 சதவீதத்தில், கலங்களும் ராக்கெட்டுகளும் எரிந்ததிலிருந்து வந்த அலுமினியமும் வேறு உலோகங்களும் இருந்தன. விண்கற்தூசி நாள்தோறும் பல டன் வருவது உண்மைதான், ஆனால் அதில் அலுமினியம் மிகக் குறைவு. அதனால்தான் இது தனித்துத் தெரிகிறது. அந்த ஆக்சைடின் மேற்பரப்பு ஓசோனைக் கெடுக்கும் குளோரின் வினைகளுக்கு இடம் கொடுக்கும் என்பதே கவலை.

மரத்தால் கலம் செய்வது இதற்கு ஒரு முயற்சி. கியோட்டோ பல்கலைக்கழகமும் சுமிட்டோமோ ஃபாரஸ்ட்ரி நிறுவனமும் சேர்ந்து செய்த லிக்னோசாட், 10 செ.மீ. மக்னோலியா மரப்பெட்டி, 2024 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போனது. நல்ல சோதனை. ஆனால் உள்ளே இருக்கும் மின்சுற்று, பேட்டரி, சூரியத் தகடு எல்லாம் பழைய பொருள்களே. என் பார்வையில் இதைவிடப் பலன் தருவது கலங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஆயுளை நீட்டுவதும். 5 ஆண்டுக்கொருமுறை ஆயிரக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தால், பாதை சுத்தமாகும், அடுக்குமண்டலம் அழுக்காகும். கனமான கலங்களை இலக்கு பார்த்துக் கடலில் இறக்கும்போது பெரிய பாகங்கள் எரியாமல் கடலுக்குப் போகின்றன. இரண்டில் எது குறைந்த தீங்கு என்பதை ஒவ்வொரு வடிவமைப்புக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

---

வான்நோக்கி

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. கடைசியாக ஒன்று. ஒரு குறிப்பிட்ட செயற்கைக்கோள் இறங்குகிறதா இல்லையா என்பதை நாமே பார்க்க வழி உண்டா?

---

இழுவிசை

உண்டு. செலஸ்ட்ராக், ஸ்பேஸ்-ட்ராக் தளங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பாதையை இரண்டு வரி எண்களில் சொல்லும் 'இரு வரித் தரவு' கிடைக்கும். முதல் தளத்தில் பயனர் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். இரண்டாம் வரியில் 53 முதல் 63 வரையுள்ள எழுத்து இடங்களில் இருக்கும் எண், ஒரு நாளில் எத்தனை சுற்று என்பது. 42,241 என்ற எண்ணை, அந்தச் சுற்று எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுங்கள். வருவது பூமியின் மையத்திலிருந்து கி.மீ. கணக்கில் சராசரித் தூரம். 6,378-ஐக் கழித்தால் உயரம். சரிபார்த்துக்கொள்ள: 15.5 சுற்று என்றால் 417 கி.மீ., 15.0 என்றால் 567, 14.3 என்றால் 792.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு தரவு எடுத்து உயரங்களைக் கழித்தால் இறக்க வேகம் வந்துவிடும். இரண்டே நாள் இடைவெளியில் பார்க்காதீர்கள். இந்தத் தரவின் பிழையே ஒரு கி.மீ. அளவு இருக்கலாம், நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் ஏமாற்றும். உயரம் திடீரென்று கூடியிருந்தால் அந்தக் கலம் உயிரோடு இருக்கிறது, உந்துகலனை இயக்கியிருக்கிறது. நீள்வட்டப் பாதை என்றால் சராசரி உயரம் மட்டும் போதாது. இரண்டாம் வரியின் 27 முதல் 33 வரை உள்ள மையப்பிறழ்ச்சியை, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்ணை (முன்னால் தசமப் புள்ளி இருப்பதாகக் கொண்டு), சராசரித் தூரத்தால் பெருக்கி, அதைச் சராசரி உயரத்திலிருந்து கழித்தால் அண்மைப்புள்ளி கிடைக்கும். இழுவிசை கடிப்பது அங்கேதான்.

எதிர்காலக் கணிப்பு வேண்டுமென்றால் நாசாவின் டிஏஎஸ், ஐரோப்பிய முகமையின் டிராமா, இரண்டும் இலவச மென்பொருள்கள். எடை, முகப்புப் பரப்பு, பாதை, ஏவும் ஆண்டு கொடுத்தால் எத்தனை ஆண்டில் விழும் என்று சொல்லும். முகப்புப் பரப்பில்தான் பலர் தவறுவார்கள்: தகடு விரித்த பெரிய பக்கத்தைக் கொடுக்காமல், உருளும்போது வரும் சராசரியைக் கொடுங்கள். பெட்டி வடிவத்துக்கு அது மொத்தப் புறப்பரப்பில் நான்கில் ஒன்று.